இரண்டு அளவுகோல்களுக்கு நடுவே: விம்பிள்டன் மகளிர் இரட்டையர் பிரிவின் நிலை

1. கேள்வி

விம்பிள்டன் தொழில்முறை ஆட்டக்காரர்களை முதன்முதலாக அனுமதித்ததும், வென்றவர்களுக்குப் பரிசுப் பணம் கொடுக்கத் தொடங்கியதும் 1968இல். அந்த ஆண்டு மகளிர் ஒற்றையர் பட்டம் வென்ற பில்லி ஜீன் கிங்குக்கு 750 பவுண்டு கிடைத்தது. ரோஸி கேசல்ஸுடன் சேர்ந்து அவர் வென்ற மகளிர் இரட்டையர் பட்டத்துக்கு இருவருக்குமாக 500 பவுண்டு. 2025இல் மகளிர் ஒற்றையர் வெற்றியாளருக்கு 30 லட்சம் பவுண்டு. இரட்டையர் இணைக்கு 6,80,000 பவுண்டு. ஒற்றையர் பரிசில் மூன்றில் இரண்டு பங்காக இருந்தது நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்கிறது.

மகளிர் இரட்டையர் பிரிவைத் துணைப் போட்டியாகக் கருதுவது இன்று இயல்பாகிவிட்டது. அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. ஒற்றையரில் சோபிக்காதவர்களே இரட்டையருக்கு வருகிறார்கள் என்பது ஒன்று. பார்வையாளர்கள் அதை விரும்புவதில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டு விளக்கங்களும் எந்த அளவுக்குத் தாங்கும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விம்பிள்டனை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அதன் பரிசுத்தொகை, ஆட்ட வரிசை, ஆட்ட விதி ஆகியவை நெடுங்காலமாகப் பொதுப் பதிவில் இருப்பதுதான்.

2. பரிசுத்தொகை சொல்வதும் சொல்லாததும்

மேலே தந்த ஒப்பீடு அதிர்ச்சி தருவது. ஆனால் அப்படியே ஏற்கத்தக்கதல்ல. 1968இல் ஆடவர் ஒற்றையர் பரிசு 2,000 பவுண்டு. மகளிர் ஒற்றையர் பரிசே அதில் பாதியைத் தொடவில்லை. குறைத்து வைக்கப்பட்ட ஒரு தொகையோடு ஒப்பிட்டதால்தான் மகளிர் இரட்டையரின் அன்றைய நிலை உயர்வாகத் தெரிந்தது. அளவுகோலை மாற்றினால் படமும் மாறுகிறது.

அதே ஆண்டு ஆடவர் இரட்டையர் இணைக்கு 800 பவுண்டு, அதாவது ஆடவர் ஒற்றையர் பரிசில் 40 விழுக்காடு. 2007இல் விம்பிள்டன் எல்லாப் பிரிவுகளிலும் ஆண், பெண் இருபாலருக்கும் சமப் பரிசு அறிவித்தது. ஆகவே 2025இல் ஆடவர் இரட்டையர் பரிசும் அதே 6,80,000 பவுண்டுதான். ஒற்றையர் பரிசில் ஏறக்குறைய 23 விழுக்காடு. ஆண்களிலும் இரட்டையரின் பங்கு பாதியை நெருங்கும் அளவுக்குச் சரிந்திருக்கிறது.

இந்த இரண்டு போக்குகளும் மகளிர் இரட்டையரில் வந்து சந்திக்கின்றன. 1968இல் அது ஆடவர் இரட்டையர் பரிசில் 62.5 விழுக்காடு பெற்றது; இன்று முழுமையாகச் சமம். பாலினக் கணக்கில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் போட்டியின் மிக உயர்ந்த பரிசோடு ஒப்பிட்டால், 1968இல் 25 விழுக்காடாக இருந்தது இன்று 23. இடையில், 2015இல், 18 விழுக்காடு வரை இறங்கவும் செய்தது: அந்த ஆண்டு ஒற்றையருக்கு 18,80,000 பவுண்டு, இரட்டையர் இணைக்கு 3,40,000. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான சமத்துவப் போராட்டத்துக்குப் பிறகும் மகளிர் இரட்டையர் ஏறக்குறைய புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது. பெண் என்ற கணக்கில் பெற்றதை இரட்டையர் என்ற கணக்கில் இழந்துவிட்டது.

சமப் பரிசுக்கான வாதம் பெரும்பாலும் ஒற்றையரை முன்வைத்தே நடந்தது. ஆண்கள் ஐந்து செட், பெண்கள் மூன்று செட் ஆடும்போது சம ஊதியம் தகுமா என்பதே எதிர்த்தரப்பின் கேள்வி. இரட்டையர் அந்த விவாதத்தில் ஓர் உடன்விளைவாகவே பயன்பெற்றது. பாலின இடைவெளியைக் கணக்கிட ஒரு மொழி உருவானது. ஒற்றையருக்கும் இரட்டையருக்கும் இடையிலான இடைவெளியைக் கணக்கிட அத்தகைய மொழி உருவாகவில்லை.

3. தாமதமாக வந்த பிரிவு

விம்பிள்டனில் மகளிர் ஒற்றையர் 1884இல் தொடங்கியது. ஆடவர் இரட்டையரும் அதே ஆண்டில்தான் அங்கு வந்து சேர்ந்தது. மகளிர் இரட்டையர் பட்டப் போட்டியாக ஏற்கப்பட்டது 1913இல். இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து. அமெரிக்கத் தேசியப் போட்டியில் 1889இலேயே அது இடம்பெற்றுவிட்டது. எனவே இந்தத் தாமதத்துக்குப் பிரிவின் இயல்பைக் காரணமாகச் சொல்ல முடியாது.

முதல் இறுதிப் போட்டியில் ஆடியவர்களைப் பார்த்தாலே அது ஒற்றையரின் எச்சமாகத் தொடங்கவில்லை என்பது விளங்கும். ஒருபுறம் தன் ஆட்ட வாழ்வில் மொத்தம் ஏழு முறை ஒற்றையர் பட்டம் வென்ற டோரதியா லாம்பர்ட் சேம்பர்ஸும், ஐந்து முறை பெற்ற 42 வயது சார்லட் ஸ்டெரியும். முதல் செட்டை 6-4 என வென்று, இரண்டாவதில் 4-2 என முன்னிலையில் இருந்தபோது ஸ்டெரி காயமடைந்து விலகினார். பின்தங்கியிருந்த வினிஃப்ரெட் மெக்நேரும் டோரா பூத்பியும் முதல் பட்டத்தைப் பெற்றனர்.

முதல் உலகப் போருக்குப் பிறகு சூசன் லெங்லெனும் எலிசபெத் ரயானும் 1919 முதல் 1923 வரையும் மீண்டும் 1925இலும் பட்டம் வென்றனர். இணையாக விம்பிள்டனில் அவர்கள் தோற்றதே இல்லை. தன் காலத்தின் மிகப் பெரிய ஒற்றையர் நட்சத்திரமான லெங்லென், இரட்டையரை ஓய்வு நேர ஆட்டமாகக் கருதியிருந்தால் இந்தப் பட்டியலே இருந்திருக்காது.

4. திறன் பற்றிய விளக்கம்

ஒற்றையரில் தோற்றவர்களின் புகலிடம் என்ற விளக்கத்துக்கு ரயானே சான்றாகக் காட்டப்படுவார். விம்பிள்டனில் மகளிர் இரட்டையரில் 12, கலப்பு இரட்டையரில் 7 என மொத்தம் 19 பட்டங்கள்; ஒற்றையரில் ஒன்றுகூட இல்லை. ஆனால் விம்பிள்டன் ஒற்றையர் இறுதியில் அவர் தோற்றது 1921இல் லெங்லெனிடம், 1930இல் ஹெலன் வில்ஸ் மூடியிடம். அந்தக் காலத்தில் இவ்விருவரையும் வென்றவர்கள் மிகச் சிலரே. 19 பட்டம் பெற்ற ஒருவரைத் தோல்வியாளராகக் காட்டுவது அவருடைய ஆட்டமன்று, அவரை அளக்க எடுத்த கோல்.

ரயானின் சாதனையை முறியடித்த பில்லி ஜீன் கிங்கின் கணக்கும் கவனத்துக்குரியது. 1979இல் மார்ட்டினா நவ்ரத்திலோவாவுடன் மகளிர் இரட்டையர் வென்றபோது அவருடைய விம்பிள்டன் பட்டங்கள் 20 ஆயின. அவற்றில் ஒற்றையர் 6. மகளிர் இரட்டையர் 10. கலப்பு இரட்டையர் 4. அந்த இறுதிப் போட்டிக்கு முதல் நாள்தான் ரயான் விம்பிள்டன் வளாகத்தில் மயங்கி விழுந்து இறந்தார். விம்பிள்டனின் மிகப் புகழ்பெற்ற பட்டக்கணக்கில் பெரும்பகுதி இரட்டையரிலிருந்து வந்தது என்பதைக் கிங்கைப் பற்றிய கட்டுரைகள் அரிதாகவே அழுத்திச் சொல்கின்றன.

மறுபக்கத்துச் சான்றையும் எடைபோட வேண்டும். சானியா மிர்சா 2007இல் ஒற்றையர் தரவரிசையில் 27ஆம் இடம் வரை சென்றார். மணிக்கட்டுக் காயமும் அறுவை சிகிச்சையும் அவரை முடக்கின. பின்னர் ஒற்றையரை விட்டு இரட்டையரில் மட்டும் கவனம் செலுத்தி, 2015 ஏப்ரலில் உலகின் முதல்நிலை இரட்டையர் வீராங்கனை ஆனார். ஒற்றையரின் வாசல் அடைபட்ட பிறகே இங்கு வந்தார் என்பது மெய். ஆனால் அவருடைய இணையான மார்ட்டினா ஹிங்கிஸ், ஐந்து கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களைப் பெற்றவர். வில்லியம்ஸ் சகோதரிகள் ஆடிய 14 கிராண்ட் ஸ்லாம் இரட்டையர் இறுதிப் போட்டிகளிலும் வென்றனர். பார்போரா கிரெய்சிகோவா 2021இல் பிரெஞ்சு ஓபனின் ஒற்றையர், இரட்டையர் இரண்டையுமே கைப்பற்றினார். திறனுக்கு இரண்டு உலகங்கள் இல்லை.

இருந்தும் முன்னணி ஒற்றையர் வீராங்கனைகள் இரட்டையரை விட்டு விலகுவது ஏன்? 2025இன் பரிசுப் பட்டியலே விடையின் பெரும்பகுதியைத் தருகிறது. ஒற்றையரில் நான்கு ஆட்டங்களை வென்று காலிறுதியில் தோற்றவருக்கு 4,00,000 பவுண்டு. இரட்டையரில் ஆறு ஆட்டங்களை வென்று பட்டமே பெற்றவருக்குத் தலைக்கு 3,40,000. இரண்டு வாரப் போட்டியில் உடலைச் சேமித்துவைக்க வேண்டிய ஒருவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதற்கு உளவியல் விளக்கம் தேவையில்லை. பெயர் பெற்றவர்கள் விலகுவதால் பிரிவின் மதிப்புக் குறைகிறது; மதிப்புக் குறைந்ததால் பரிசு உயர்வதில்லை; பரிசு உயராததால் மேலும் சிலர் விலகுகிறார்கள்.

5. பார்வையாளர் பற்றிய விளக்கம்

பார்வையாளர் வாதத்தைச் சோதிக்க 2017ஆம் ஆண்டு மகளிர் ஒற்றையர் இறுதி நடந்த நாள் நல்ல எடுத்துக்காட்டு. சென்டர் கோர்ட்டில் முதலில் மகளிர் ஒற்றையர் இறுதி, அடுத்து ஆடவர் இரட்டையர் இறுதி, கடைசியில் மகளிர் இரட்டையர் இறுதி என்பது அன்றைய வரிசை. லூகாஷ் கூபோட்டும் மார்செலோ மெலோவும் வென்ற ஆடவர் இரட்டையர் இறுதி ஐந்தாவது செட்டில் 13-11 வரை நீண்டு, நான்கரை மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. மகளிர் இரட்டையர் இறுதிக்கு எகத்தெரினா மகரோவாவும் எலேனா வெஸ்னினாவும் களமிறங்கும்போது இரவு ஒன்பது மணி தாண்டிவிட்டது. கூரை மூடி, விளக்கொளியில் ஆட்டம். சான் ஹாவோ-சிங், மோனிகா நிக்குலெஸ்கு இணையை அவர்கள் 6-0, 6-0 என ஒரு மணி நேரத்துக்குள் முடித்தார்கள். இந்தப் பிரிவின் இறுதியில் இத்தகைய எண்ணிக்கை 1953க்குப் பிறகு வந்ததில்லை.

அந்த ஆட்டத்துக்குரிய நான்கு பேரும் எப்போது ஆட்டம் என்று தெரியாமலே காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் இருக்கைகள் காலியாக இருந்தால் அதைப் பார்வையாளரின் விருப்பத்துக்கு அளவாகக் கொள்ள முடியுமா? கடைசி ரயிலைப் பிடிக்க எழுந்து போனவரின் கணக்கை விருப்பமின்மையின் கணக்கில் எழுதுவது முறையாகாது.

அமைப்பாளர்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. சென்டர் கோர்ட் டிக்கெட் வாங்குபவர்களும் ஒளிபரப்பு உரிமை வாங்கும் நிறுவனங்களும் முதலில் கேட்பது ஒற்றையர் இறுதியைத்தான். 2019இல் ஆண்டி முர்ரேயும் செரீனா வில்லியம்ஸும் கலப்பு இரட்டையர் ஆடியபோது கூடிய கூட்டம், மக்கள் பிரிவைப் பார்க்க வருவதில்லை, பெயர்களைப் பார்க்கவே வருகிறார்கள் என்பதைக் காட்டியது. ஆனால் இந்தச் சான்று இருபுறமும் வெட்டக்கூடியது. பெயர் இருந்தால் கூட்டம் வருமென்றால், இரட்டையர் ஆட்டமே சலிப்பூட்டுவது என்ற வாதம் நிற்காது. பெயர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி மட்டும் மிஞ்சும். தொலைக்காட்சியில் காட்டப்படாத ஆட்டத்திலிருந்து பெயர் பிறப்பதில்லை.

ஆட்ட வரிசை இயற்கை விதியல்ல என்பதை விம்பிள்டனே நிரூபித்தது. 2023இல் ஆடவர் இரட்டையர் ஐந்து செட்டிலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டது. 2025இல் இரட்டையர் இறுதிகள் பிற்பகல் ஒரு மணிக்கும், ஒற்றையர் இறுதிகள் நான்கு மணிக்கும் என மாற்றப்பட்டன. அதன்படி வெரோனிகா குதெர்மெதோவா, எலிஸ் மெர்ட்டென்ஸ் இணை, ஹ்சியே சூ-வெய், யெலேனா ஒஸ்டாபென்கோ இணையை வென்ற இறுதி, ஞாயிற்றுக்கிழமை ஆடவர் ஒற்றையருக்கு முன்பாக நடந்தது. ஒற்றையரை நான்கு மணிக்குத் தள்ளியது அமெரிக்கத் தொலைக்காட்சி நேரத்துக்காகத்தான் என்ற விமர்சனமும் எழுந்தது. நோக்கம் எதுவாயினும், நூறாண்டு கடந்த ஒரு பிரிவின் இறுதிக்கு நிச்சயமான தொடக்க நேரம் தருவதற்கு ஓர் அறிவிப்பு போதுமானதாக இருந்தது.

6. ஆட்ட விதியின் பங்கு

மகளிர் சங்கமான டபிள்யூடிஏ நடத்தும் சுற்றுப்போட்டிகளில் 2007 முதல் இரட்டையருக்குத் தனி விதி. 40-40 ஆனால் அட்வான்டேஜ் கிடையாது. அடுத்த ஒரே புள்ளி கேமை முடித்துவிடும். ஒரு செட் ஒரு செட் என்று நின்றால் மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி டை-பிரேக். ஆட்டம் எப்போது முடியும் என்பது அமைப்பாளருக்குத் தெரிய வேண்டும், ஒற்றையர் ஆடுபவர்களும் களைப்பின்றிச் சேர வேண்டும் என்பவை இதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். கிராண்ட் ஸ்லாம் மகளிர் இரட்டையரில் மட்டும் முழு மூன்று செட் முறை நீடிக்கிறது.

இந்த வேறுபாட்டின் பொருள் என்ன என்பதை 2015 விம்பிள்டன் இறுதி காட்டும். மிர்சா, ஹிங்கிஸ் இணை முதல் செட்டை மகரோவா, வெஸ்னினாவிடம் 5-7 என இழந்தது. இரண்டாவதை டை-பிரேக்கில் மீட்டது. மூன்றாவதில் 2-5 எனப் பின்தங்கியது. எதிரணிக்கு இன்னும் ஒரு கேம் போதும். அங்கிருந்து தொடர்ந்து மூன்று கேம்களை எடுத்து 5-5 ஆக்கியபோது வெளிச்சம் போய், கூரையை மூடுவதற்காக ஆட்டம் நின்றது. திரும்பி வந்து அடுத்த இரண்டு கேம்களையும் எடுத்து 7-5 என முடித்தார்கள். மகளிர் இரட்டையரில் கிராண்ட் ஸ்லாம் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார் மிர்சா. இந்திய நாளேடுகளின் முதல் பக்கத்துக்கு இந்தப் பிரிவு வந்தது. சுற்றுப்போட்டி விதி இங்கே இருந்திருந்தால் அந்த மூன்றாவது செட்டே நடந்திருக்காது. பத்துப் புள்ளி டை-பிரேக்கில் 2-5 எனப் பின்தங்குவதும் மீள்வதும் சில நிமிடச் செய்தி.

குறுகிய விதியில் தற்செயலுக்கு இடம் கூடுகிறது; வலிமையான இணை தன் மேலாண்மையை நிலைநாட்டுவதற்கான நேரம் குறைகிறது. நவ்ரத்திலோவாவும் பாம் ஷ்ரைவரும் 1983 ஏப்ரல் முதல் 1985 ஜூலை வரை தொடர்ந்து 109 ஆட்டங்களை வென்றது பழைய முழு விதியின் கீழ். விம்பிள்டன் இறுதியில் கேத்தி ஜோர்டன், லிஸ் ஸ்மைலி இணையிடம் அந்தத் தொடர் முடிந்தது. மிர்சா, ஹிங்கிஸ் இணை 2016 பிப்ரவரி வரை தொடர்ந்து வென்ற 41 ஆட்டங்களில் பெரும்பாலானவை குறுகிய விதியின் கீழ் நடந்தவை. இரண்டு எண்களையும் ஒரே தராசில் வைக்க இயலாது. ஆனால் தொடர் ஆதிக்கங்களும் நீண்ட மீட்சிகளுமே விளையாட்டில் கதையை உருவாக்குகின்றன. நேரத்தை மிச்சப்படுத்திய விதி, நினைவில் நிற்பதற்கான வாய்ப்பையும் சுருக்கியது.

7. யாருக்கு இடம் கொடுத்தது

1956இல் அல்தியா கிப்சனும் ஆஞ்செலா பக்ஸ்டனும் விம்பிள்டன் மகளிர் இரட்டையர் பட்டம் வென்றனர். கிப்சன் கறுப்பினத்தவர், பக்ஸ்டன் பிரிட்டிஷ் யூதர். டென்னிஸ் வட்டாரத்தின் ஓரத்தில் நிறுத்தப்பட்ட இருவர் ஒருவருக்கொருவர் இணையானார்கள். விம்பிள்டனின் முதல் கறுப்பின வெற்றியாளர் உருவானது அந்த நாளில்தான். ஆனால் பொது நினைவில் பதிந்திருப்பது கிப்சன் ஒற்றையர் வென்ற 1957. தாம் விண்ணப்பித்தும் விம்பிள்டனை நடத்தும் ஆல் இங்கிலாந்து கிளப் தம்மை உறுப்பினராகச் சேர்க்கவேயில்லை என்று பக்ஸ்டன் இறுதிவரை சொல்லிவந்தார். 1990களில் கிப்சன் வறுமையில் வாடியபோது அவருக்காகப் பணம் திரட்டியவரும் அவரே.

பிந்தைய காலத்திலும் இரட்டையர் என்ற இந்த வாசல் பயன்பட்டிருக்கிறது. தாய்மைக்குப் பிறகு திரும்பி வந்த பார்போரா ஸ்டிரிச்சோவா, 37 வயதான ஹ்சியே சூ-வெய்யுடன் 2023 விம்பிள்டன் பட்டத்தை வென்றார். 2021 அமெரிக்க ஓபன் அரையிறுதியில் முழங்கால் தசைநார் கிழிந்து ஓராண்டு ஆடாதிருந்த பிரேசிலின் லூயிசா ஸ்டெஃபானி, 2022 செப்டம்பரில் சென்னை ஓபனுக்குத் திரும்பினார். காயமுற்ற அன்று பக்கத்தில் ஆடிய அதே கேப்ரியேலா டப்ரோவ்ஸ்கியுடன் நுங்கம்பாக்கம் அரங்கில் பட்டம் வென்றார். இறுதியில் எண்ணிக்கை 6-1, 6-2.

இவற்றைக் கொண்டு இரட்டையர் எளியது என்று முடிவுகட்டுவது தவறு. பாதி அகலத்தைக் காக்க வேண்டியிருப்பதால் ஓட்டம் குறைகிறது. ஆனால் வலையருகே பந்துக்கு எதிர்வினை செய்யக் கிடைக்கும் நேரம் ஒற்றையரைவிடக் குறைவு. சர்வ் போடுமுன் முன்னால் நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரல்களால் சைகை காட்டுவதும், எதிரணியின் ரிட்டர்னைக் குறுக்கே பாய்ந்து வெட்டுவதும் அனுபவத்துக்கு மதிப்புக் கூட்டுபவை. உடல் தளர்ந்தவர்களுக்கு இது கருணை காட்டவில்லை. வேறொரு திறனுக்கு விலை கொடுக்கிறது.

8. முடிவுகள்

திறன் விளக்கம் பாதி உண்மை. ஒற்றையரை இழந்தவர்கள் இங்கு வந்ததுண்டு. ஆனால் ஒற்றையரின் உச்சியில் இருந்தவர்களும் இங்கு நூறாண்டாக ஆடியிருக்கிறார்கள். அவர்கள் விலகியதற்குப் பரிசின் கணக்கு போதுமான காரணம். பார்வையாளர் விளக்கம் அதைவிடப் பலவீனமானது. ஆட்ட வரிசையின் விளைவை அது காரணமாகக் காட்டுகிறது.

இந்த முடிவுக்கு எதிர்பாராத ஆதாரமும் எச்சரிக்கையும் 2025 அமெரிக்க ஓபனின் கலப்பு இரட்டையரிலிருந்து கிடைத்தன. 16 இணைகளாகக் குறைத்து, ஒற்றையர் தொடங்குமுன் இரண்டே நாளில் நடத்தி, வெல்லும் இணைக்கு 10 லட்சம் டாலர் அறிவித்ததும் ஒற்றையர் நட்சத்திரங்கள் வந்துவிட்டார்கள். பணமும் நாட்காட்டியும் ஒத்துழைத்தால் அவர்களுக்கு இரட்டையர் கசப்பதில்லை. ஆனால் பாதி இடங்கள் ஒற்றையர் தரவரிசைப்படி வழங்கப்பட்டதால், இரட்டையரையே தொழிலாகக் கொண்ட பலருக்கு வாசல் மூடியது. வைல்டு கார்டில் நுழைந்த முந்தைய ஆண்டு வெற்றியாளர்கள் சாரா எர்ரானியும் ஆண்ட்ரியா வாவசோரியும், இறுதியில் இகா ஷ்வியான்டெக், காஸ்பர் ரூட் இணையை வீழ்த்தினார்கள்.

மகளிர் இரட்டையருக்கு இந்த வழி பொருந்தாது. நட்சத்திரங்களை வரவழைக்கப் பிரிவைச் சுருக்கினால், கிப்சன், பக்ஸ்டன் முதல் ஸ்டெஃபானி வரை அதன் தனிச் சிறப்பாக இருந்த திறந்த வாசலே போய்விடும். பரிசில் இரட்டையரின் பங்கு 2015இல் 18 விழுக்காடாக இருந்து 2025இல் 23 ஆனது, பிரிவின் வடிவத்தை மாற்றாமலே நடந்த உயர்வு. இதைத் தொடர்வதற்கு முதல் தேவை, சமத்துவத்தை ஆண், பெண் என்ற ஒரே கோட்டில் அளப்பதை நிறுத்தி, ஒற்றையர், இரட்டையர் என்ற இரண்டாவது கோட்டையும் ஆண்டுதோறும் கணக்கில் கொள்வது. 2007இன் அறிவிப்பு முதல் கோட்டின் கணக்கைத் தீர்த்தது. இரண்டாவது கோட்டில் எந்த விழுக்காடு நியாயம் என்ற விவாதம் இன்னும் தொடங்கவே இல்லை.